உங்கள் பெயரில் ஒரு சீட்டு

கிளமெண்டி,
3 ஆகஸ்ட் 1981

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கவில்லை. போன கடிதத்தில் இறால் சம்பல் வைத்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டதாக எழுதியிருந்தீர்கள், நலமாகத்தான் இருப்பீர்கள்.

ஆறாவது மாதமும் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை காலையிலேயே தெரிந்துவிட்டது. பிப்ரவரியிலிருந்து மாதாமாதம் ஐந்து நாள் அந்த வெள்ளை மாத்திரையை விழுங்கியாயிற்று. முதலில் ஒன்று, பிறகு இரண்டு. விழுங்கிய நாளெல்லாம் காதிலிருந்து கழுத்துவரை நெருப்பு. ஆபீசில் டைப் அடித்தால் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. மேனேஜருக்கு அனுப்பவேண்டிய கடிதத்தில் ஒரு வரியை இரண்டு முறை அடித்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். காரணமில்லாமல் பஸ்ஸில் அழுதேன். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அழுவதற்குக் காரணம் இல்லாமலா இருக்கிறது, ஆனால் அது வேறு.

இன்று டாக்டரம்மாவைப் பார்த்தேன். தினமும் படுக்கையைவிட்டு எழும் முன்னால் வாயில் தெர்மாமீட்டர் வைத்து எழுதச் சொன்னார்களே, அந்த ஆறு தாளையும் மேசைமேல் பரப்பினார். "முட்டை வருகிறது, மாத்திரை அதன் வேலையைச் செய்திருக்கிறது" என்றார். பிறகு, புருஷனும் மனைவியும் சேர்ந்த நாளில் வட்டம் போடச் சொன்னேனே, வட்டம் எங்கே என்று கேட்டார். ஆறு தாளில் மூன்றில்தான் சரியான நாளில் வட்டம் இருக்கிறது. உங்களுக்குக் கம்பெனி மாதம் ஐந்து நாள் லீவும் டிக்கெட்டும் தருகிறது. ஏப்ரல் லீவை உங்கள் பட்டறை அஸ்மத்துக்கு விட்டுக்கொடுத்தீர்கள். ஜூனில் கம்பெனி கால்பந்து. ஜூலையில் எட்டு நாள் தள்ளி வந்தீர்கள். நாள் குறித்து நான் எழுதிய கடிதங்களை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்?

வெளியே வந்ததும் நர்ஸ் ஜரீனா காதில் சொன்னாள்: "அக்கா, புருஷன் இல்லாம மாத்திரை மட்டும் தின்னா என்னலா நடக்கும்?" அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி என்ன என்று கேட்டேன். முட்டை வரவில்லை என்றால் ஊசி போடுவார்களாம். எனக்கு வருவதால் ஊசி வேண்டாமாம், அதற்குப் பதில் இரண்டு சோதனை முடிக்கவேண்டும் என்று இரண்டு சீட்டு எழுதிக் கொடுத்தார். ஒன்று என் பெயரில், கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே. இன்னொன்று உங்கள் பெயரில். அது என்ன சோதனை என்று உங்களுக்கே தெரியும். எழுத உங்களுக்குக் கூச்சமாக இருக்கும், நானே எழுதிவிடுகிறேன். விந்துப் பரிசோதனை. வலி இல்லை, கத்தி இல்லை. எப்போது வருகிறீர்கள்?

உர்சுலா


சீரியா, புருணை,
16 ஆகஸ்ட் 1981

அன்புள்ள உர்சுலாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். பட்டறையில் புதிதாக ஒரு கிரேன் வந்திருக்கிறது.

நீ ஏன் இப்படி மனசைப் போட்டு அலட்டிக்கொள்கிறாய்? சூடு சூடு என்று எழுதியிருக்கிறாய், சிங்கப்பூரில் யாருக்குத்தான் சூடு இல்லை? எழுத்து இரண்டாகத் தெரிவது நாள் முழுவதும் டைப் அடிப்பதால். கண்ணாடி போட்டுப் பார். அஸ்மத்துக்குத் தங்கை கல்யாணம், எப்படி மாட்டேன் என்று சொல்வது? ஐந்து நாள்தானே.

என் யோசனை, டாக்டரை மாற்று. இல்லாவிட்டால் இன்னும் ஆறு மாதம் அதே மாத்திரையைச் சாப்பிடு, சிலருக்கு மெதுவாகத்தான் பிடிக்கும். சிராங்கூன் ரோட்டில் ஒரு வைத்தியர் இருக்கிறாராம், பிரிஜட் அக்கா உன்னைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறது.

எனக்குச் சோதனை எதற்கு? எங்கள் குடும்பத்தில் அப்படிக் குறை யாருக்கும் கிடையாது. பிரிஜட் அக்காவுக்கு ஐந்து பிள்ளைகள். அதோடு அந்த மாதிரி எடுத்துக் கொடுப்பது திருச்சபைக்கு விரோதம், மறைக்கல்வி படித்தவள் உனக்குத் தெரியாததா? நான் பாவம் செய்து அதில் பிள்ளை வரவேண்டுமா?

உன் எக்ஸ்ரேயை முதலில் முடி. அதிலேயே தெரிந்துவிடும்.

அன்புடன்,
அற்புதராஜ்


கிளமெண்டி,
6 செப்டம்பர் 1981

அன்புள்ள அத்தானுக்கு,

எக்ஸ்ரே முடிந்தது. மேசையில் படுக்கவைத்துக் கீழே குழாய் விட்டு மருந்தை ஏற்றினார்கள். அடிவயிற்றை யாரோ முறுக்கிப் பிழிவது போல இருந்தது. எழுந்து நின்றதும் தலை சுற்றியது. கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்றேன். அரைமணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்து ஒரு கப் மைலோ கொடுத்து அனுப்பினார்கள். நீங்கள் எழுதியபடி அதிலேயே தெரிந்துவிட்டது. இரண்டு குழாயும் திறந்திருக்கிறது. என்னிடம் அவர்கள் கண்டுபிடிக்க ஒன்றும் பாக்கி இல்லை.

உங்கள் அக்காவுக்கு ஐந்து பிள்ளைகள் என்றால் அது அவர் புருஷனுக்குப் பெருமை. உங்களுக்கு அது எப்படிச் சான்றிதழ் ஆகும்?

போன ஞாயிறு உங்கள் அக்கா மகள் ரூபியின் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஞானத்தாயாக நிற்கும்படி ரூபி என்னைத்தான் கேட்டிருந்தாள். புதுச் சேலை எடுத்து வைத்திருந்தேன். கோயில் வாசலில் வைத்து உங்கள் அக்கா சொல்கிறார், "நீ கோவிச்சுக்காத உர்சுலா, பிள்ள பெத்தவ நின்னாத்தான் பிள்ளைக்கு நல்லது." பெற்ற மகளின் பேச்சையும் கேட்கவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் வேறொருத்தி நின்றாள். நான் பின்வரிசையில் மெழுகுவத்தி பிடித்துக்கொண்டிருந்தேன்.

திருச்சபை என்று எழுதியிருந்தீர்கள். சரி, ஃபாதரிடமே போய்க் கேட்டுவிட்டேன். பாவம் மனிதர், காது வரை சிவந்துவிட்டார். நீங்கள் சொன்னது உண்மைதான், தனியாக எடுத்துக் கொடுப்பதை அவரும் ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவருக்கு இது புதிதில்லையாம், இன்னொரு வழி சொன்னார். சரியான நாளில் நாம் சேர்ந்திருக்கவேண்டும், அன்று காலை பத்து மணிக்குள் நான் கிளினிக்குக்குப் போகவேண்டும், என்னிடமிருந்து எடுத்துப் பார்ப்பார்கள். இதில் பாவம் இல்லை என்று ஃபாதரே சொல்லிவிட்டார். நீங்கள் கிளினிக் பக்கமே வரவேண்டாம். வீட்டில் இருந்தால் போதும்.

நாள் அக்டோபர் 13. லீவை யாருக்கும் தானம் கொடுக்காதீர்கள்.

உர்சுலா


சீரியா,
19 செப்டம்பர் 1981

அன்புள்ள உர்சுலாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். 11ஆம் தேதி வருகிறேன். டிக்கெட் போட்டாயிற்று. ஃபாதரிடம் போய் இதையெல்லாம் பேசியிருக்கவேண்டாம். இனி நான் எப்படி அவர் முகத்தில் விழிப்பது?

அக்கா மனசில் ஒன்றும் வைத்துப் பேசாது.

அற்புதராஜ்


கிளமெண்டி,
20 அக்டோபர் 1981

திரு. அற்புதராஜ் அவர்களுக்கு,

13ஆம் தேதி என்ன நடந்தது என்று நீங்கள் மறந்திருக்கலாம், அதனால் எழுதுகிறேன். விடிந்ததும் ரொட்டி வாங்கிவருவதாகச் சொல்லிக் கீழே போனீர்கள். என்னைத் தொடாமலே போனீர்கள். ஏழு மணிவரை காத்திருந்தேன். எட்டு மணிக்கு மார்க்கெட் வரை போய்ப் பார்த்தேன். ஒன்பதரைக்குப் பொதுத் தொலைபேசியிலிருந்து கிளினிக்கைக் கூப்பிட்டு, வரமுடியாது என்று சொன்னேன். ஏன் என்று ஜரீனா கேட்டாள். ரொட்டி வாங்கப் போயிருக்கிறார் என்று சொல்லவா முடியும்? காய்ச்சல் என்றேன்.

சாயங்காலம் உங்கள் அக்கா வந்தார். நீங்கள் பஸ் ஏறி புக்கிட் பாஞ்சாங்கில் அவர் வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பதாகச் சொன்னார். "என் தம்பி என்ன ஆட்டுக்கிடாவா, நாள் குறிச்சு ஓட்டிட்டு வர்றதுக்கு?" என்று கேட்டார். உங்கள் பையைக்கூட அவர்தான் எடுத்துப்போனார். அதில் உங்கள் சட்டைகளை மடித்து வைத்தது நான்தான். ஏன் மடித்தேன் என்று இப்போது எரிச்சலாக இருக்கிறது.

நான் உங்களை வீட்டில் இருக்கத்தானே சொன்னேன். மருந்தும் எனக்கு, எக்ஸ்ரேயும் எனக்கு, கோயில் வாசல் பேச்சும் எனக்கு. வீட்டில் இருப்பது ஒன்றுதான் உங்களுக்கு. அதற்கும் முடியவில்லை.

உங்கள் பெயரில் எழுதிய சீட்டு இத்துடன் இருக்கிறது. அங்கேயும் ஆஸ்பத்திரி உண்டு. சோதனை செய்து முடிவை அனுப்பும்வரை எனக்குக் கடிதம் எழுதவேண்டாம். கிரேன் பற்றியும் வேண்டாம்.

உர்சுலா


சீரியா,
6 டிசம்பர் 1981

உர்சுலா,

சோதனை செய்துவிட்டேன், பாவம் என்று நான் எழுதிய அந்த வழியில்தான். இரண்டு முறை. நவம்பர் 9 ஒரு முறை, 30 ஒரு முறை. ஒரு மில்லியில் இருபது மில்லியன் அணுவாவது இருக்கவேண்டுமாம். எனக்கு முதல் தடவை ஏழு, இரண்டாம் தடவை ஆறரை. இருப்பதிலும் பாதி அசையவில்லையாம். டாக்டர் எழுதிய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

நான் ஏன் ரொட்டி வாங்கப் போய்த் திரும்பி வரவில்லை என்று சொல்லவேண்டும். எனக்குப் பத்தொன்பது வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னத்தோடு நிற்காமல் கீழேயும் இறங்கி, மூன்று வாரம் நடக்கமுடியாமல் படுத்திருந்தேன். இதனால் பின்னால் பிள்ளை பிறப்பதில் சிக்கல் வரலாம் என்று அப்போதே ஒரு நர்ஸ் என் அம்மாவிடம் சொன்னார். அக்காவும் பக்கத்தில் இருந்தது. அம்மா எங்கள் இருவரிடமும் இதை வெளியே சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினார். அப்புறம் யாரும் பேசவில்லை. நானும் மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். எட்டு வருஷமாக, உனக்கு ஏதாவது குறை இருந்துவிடாதா என்று நான் நினைத்திருக்கிறேன். எழுதவே அசிங்கமாக இருக்கிறது. உன் எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று எழுதியதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது.

டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்த்தால், நீ சாப்பிட்ட அதே மாத்திரை. பெண்பிள்ளை மருந்தைத் தப்பாகக் கொடுத்துவிட்டார்கள் என்று மறுநாள் அரைநாள் லீவு போட்டுத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மருந்துக் கவுண்டரில் இருந்த பெண், சத்தமாக, எல்லாருக்கும் கேட்கும்படி, "இது ஆம்பளைக்கும்தான், சார். அரை மாத்திரை, இருபத்தைந்து நாள்" என்றாள். வரிசையில் பின்னால் அஸ்மத்.

மன்னித்துக்கொள் என்று எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை.

அற்புதராஜ்


கிளமெண்டி,
19 டிசம்பர் 1981

அத்தான்,

மூன்று முறை படித்தேன். முதல் முறை அழுதேன். இரண்டாம் முறை உங்கள் கல்யாணப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தேன். உங்கள் என்று எழுதிவிட்டேன், அதில் நானும்தான் இருக்கிறேன். மூன்றாம் முறை, கவுண்டரில் அஸ்மத் நின்றான் என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக அன்று முழுவதும் என்மேலேயே எரிச்சல்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். இப்போது எழுதினால் அது சும்மா எழுதுவதாக இருக்கும். உங்களுக்கு ஏழு மில்லியன் என்பதில் எனக்குக் கோபம் இல்லை. அது உங்கள் கையில் இல்லை. தெரிந்துகொண்டு என்னை மாத்திரை விழுங்கவிட்டீர்கள், தெரிந்துகொண்டு உங்கள் அக்கா என்னைப் பின்வரிசைக்கு அனுப்பினார். அதைத்தான் தாங்கமுடியவில்லை.

மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடுங்கள். கண் மங்கினால் ஏணியில் ஏறாதீர்கள். வெல்டிங் சூடும் கூடாது என்று டாக்டரம்மா சொல்கிறார், முடிந்தால் வேறு வேலை கேளுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் அக்காவுக்கு நீங்களே உண்மையை எழுதுங்கள்.

உர்சுலா


சீரியா,
21 பிப்ரவரி 1982

அன்புள்ள உர்சுலாவுக்கு,

இரண்டாம் மாதம் முடிந்தது. மத்தியானம் ஆனால் முகமெல்லாம் எரிகிறது. வெல்டிங் ராடு இரண்டாகத் தெரிகிறது, எதைப் பிடிப்பது என்று தெரியாமல் போனவாரம் ஒரு குழாயைக் கோணலாகப் பற்றவைத்துவிட்டேன். வியாழக்கிழமை கேன்டீனில் மீன் தீர்ந்துவிட்டது என்றார்கள், அதற்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முப்பத்தேழு வயது ஆள். நீ இதோடு ஆறு மாதம் எப்படி ஆபீசுக்குப் போனாய்? நான் கண்ணாடி போடச் சொன்னேன். அந்தக் கடிதத்தைத் தயவுசெய்து கிழித்துவிடு.

இத்தனைக்கும் சோதனையில் ஒன்பதுதான். டாக்டர் இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்கிறார், ஆனால் அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை.

அக்காவுக்கு எழுதிவிட்டேன். சோதனை முடிவையும் எழுதினேன். நான்கு தாள் கிழித்து ஐந்தாவதைத் தபாலில் போட்டேன்.

அற்புதராஜ்


கிளமெண்டி,
7 மார்ச் 1982

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் எழுதியது போய்ச் சேர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உங்கள் அக்கா நேராக இங்கே வந்தார், டிஃபன் கேரியரில் கோழி சூப்போடு. மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். சொல்கிறார்: "பாவம்லா தம்பி. நெருப்புல நின்னு வேலை பாக்குறான், உடம்பு என்னத்துக்காகும்? அவன் வந்தா இந்த மாதிரி சூப்பு வச்சுக் குடு. இத யார்கிட்டயும் சொல்லிடாத உர்சுலா, ஆம்பளைக்கு மானம் போயிடும்."

சூப்பை எப்படி வைப்பது என்று காட்டத்தான் கொண்டுவந்தாராம்.

எனக்கு எட்டு வருஷம். வைத்தியர், விரதம், வேளாங்கண்ணிக்கு நேர்த்திக்கடன், பார்ப்பவர்கள் எல்லாரும் என் வயிற்றைப் பார்த்துத்தான் நலம் விசாரித்தார்கள். ஒருவர் ஒரு கிண்ணம் சூப் கொண்டுவந்ததில்லை. உங்கள் சோதனை முடிவு தெரிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, பாவம் தம்பி. என் மானம் கோயில் வாசலில் கிடந்தது, அதை மூடிவைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. உங்களுடையதை நான் மூடிவைக்கவேண்டுமாம். "அண்ணி, உங்களுக்கு எப்பவோ தெரியும்லா" என்று கேட்டேன். சூப்பைக் கிண்ணத்தில் கவிழ்த்துவிட்டுக் கேரியரோடு எழுந்துவிட்டார். சூப்பைச் சிங்கில் ஊற்றினேன். வாசனை நன்றாகத்தான் இருந்தது.

உங்கள் மேல் எனக்கு இப்போது இரக்கம் இருக்கிறது, மீனுக்கு அழுததைப் படித்ததிலிருந்து. ஆனால் களைத்துவிட்டேன். இனி மாத்திரையால் பெரிய பயன் இல்லை என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார். வெளிநாட்டில் கண்ணாடிக் குழாயில் கரு வளர்க்கிறார்களாம், இங்கே அது இன்னும் வரவில்லை. இங்கே செய்யக்கூடியது ஒன்று. சரியான நாளில் உங்களுடையதை வாங்கி, சிரிஞ்சில் எனக்குள் செலுத்துவார்கள். மூன்று நான்கு மாதம் விடாமல் செய்துபார்க்கவேண்டும். அதற்கும் வராமல் போகலாம், பத்தில் இரண்டு பேருக்கு வந்தால் அதிகம் என்கிறார். அதற்கு நீங்கள் இங்கே இருக்கவேண்டும், தனியாக எடுத்தும் கொடுக்கவேண்டும். ஃபாதர் ஒத்துக்கொள்ளமாட்டார். இந்தத் தடவை நான் போய்க் கேட்கமாட்டேன்.

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள். தத்து எடுப்பதற்கு மனுக் கொடுக்கலாம், அல்லது நாம் இருவராக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் சரி. ஆனால் இனிமேல் தனியாக முடிவுசெய்ய என்னால் ஆகாது.

உர்சுலா


சீரியா,
16 மார்ச் 1982

அன்புள்ள உர்சுலாவுக்கு,

இயேசுவுக்கே புகழ் என்று எழுதக் கை போனது, எழுதிவிட்டேன். அவரிடமும் பேசவேண்டியது இருக்கிறது.

என் ஒப்பந்தம் இந்த மாதம் 31ஆம் தேதி முடிகிறது. புதுப்பிக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் கேட்டிருக்கிறேன். வெல்டிங் இல்லை, ஸ்டோரில் வேலை. நெருப்புப் பக்கம் போகவேண்டியதில்லை. ஏப்ரல் 2 வந்துவிடுவேன். இந்தத் தடவை திரும்பிப் போகும் டிக்கெட் இல்லை.

டாக்டரம்மா சொன்னதைச் செய்வோம். நீ எந்த நாள் சொன்னாலும் நான் கொடுக்கிறேன். அது பாவம் என்றால் என்னுடைய பாவம். நானே பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிறேன், திட்டினால் நானே வாங்கிக்கொள்கிறேன். பூசையில் நற்கருணை வாங்கக்கூடாது என்று ஃபாதர் சொன்னால் நானும் பின்வரிசையில் உட்காருகிறேன்.

அக்கா உன்னிடம் பேசியதைப் படித்தேன். அக்கா அப்படித்தான் என்று எழுதப்போய், நிறுத்திவிட்டேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால்தான் அது பேசியது. ரூபிக்கும் அவள் புருஷனுக்கும் தனியாக எழுதிவிட்டேன். அதோடு லாசரஸ் மாமாவுக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். எண்ணிக்கை உட்பட எல்லாம் எழுதி, யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கடைசியில் சேர்த்திருக்கிறேன். தேக்கா காப்பிக்கடையில் அவர் எப்படி உட்கார்ந்து பேசுவார் என்று உனக்குத் தெரியும். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் சிராங்கூன் ரோடு முழுவதற்கும் தெரிந்திருக்கும்.

இவ்வளவு செய்தும் பிள்ளை வராமல் போகலாம். போனால், ஜனங்கள் பழைய பழக்கத்தில் மறுபடியும் உன்னிடம்தான் வந்து கேட்பார்கள். நீ பதில் சொல்லாதே. பக்கத்து அறையில் இருப்பேன், என்னைக் கூப்பிடு.

அற்புதராஜ்